வைத்தியர் ஷாபி: ஒரு வதந்தி முடக்கிய வாழ்வும் நாம் கேட்காமல் விட்ட கேள்வியும்

2019 மே 23, வியாழக்கிழமை. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து முப்பத்திரண்டு நாட்கள் ஆகியிருந்தன. அன்று 'திவயின' சிங்கள நாளிதழின் முன்பக்கத்தில் ஒரு செய்தி வெளியானது. தௌஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர், சிசேரியன் சத்திரசிகிச்சை செய்யும்போது சிங்கள பௌத்த தாய்மார் 4,000 பேருக்கு அவர்களுக்குத் தெரியாமலேயே கருத்தடை செய்துவிட்டார் என்பதே அந்தச் செய்தியின் சாரம். வைத்தியரின் பெயர் அதில் இருக்கவில்லை. நாலாயிரம் என்ற கணக்கை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்பதற்கும் விளக்கம் இருக்கவில்லை.

அடுத்த நாளே குருநாகல் போதனா வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றிய வைத்தியர் சேகு சியாப்தீன் மொஹமட் ஷாபி கைது செய்யப்பட்டார். கைதுக்கு முதலில் சொல்லப்பட்ட காரணம் கருத்தடை அல்ல. சந்தேகத்திற்கிடமான முறையில் சொத்துச் சேர்த்தார் என்றே பொலிஸார் கூறினர். ஆனால் பத்திரிகையில் வந்த பெயரில்லாத வைத்தியர் இவர்தான் என்று ஊர் முடிவு செய்வதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

எல்லவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்து, ஊடகக் கற்கை படித்து, இப்போது சுயாதீனமாக எழுதிவரும் நான் குருநாகல் வைத்தியர் ஒருவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் இருக்கின்றன. அந்த மே மாதத்தில் அந்தச் செய்தி எங்கள் லயன்களுக்கும் வட்ஸ்அப் வழியாக வந்து சேர்ந்தது. தமிழர்களும் அதை நம்பினார்கள், பகிர்ந்தார்கள். இது முதலாவது. பெண்ணின் சம்மதமில்லாத கருத்தடை என்பது மலையகத்திலும் வன்னியிலும் வெறும் வதந்தியாக மட்டும் இருந்ததில்லை. இது இரண்டாவது. பொய்யான கதைக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூட உண்மையான கேள்விக்குக் கிடைக்கவில்லை. அது ஏன் என்பதை விளக்க முயல்வதே இந்தக் கட்டுரை.

யார் இந்த ஷாபி?

ஷாபி விசேட மகப்பேற்று நிபுணர் அல்லர். நிபுணர்களின் கீழ் மகப்பேற்று, பெண்நோயியல் விடுதிகளில் பணியாற்றும் சிரேஷ்ட வைத்திய அதிகாரிகளில் ஒருவர். அரச வைத்தியசாலைகளில் நடக்கும் சிசேரியன்களில் பெரும்பகுதி இத்தகையோரின் கைகளால்தான் நடக்கிறது. இரவு பகல் பாராமல் தியேட்டரில் நிற்பவர்கள் இவர்கள். அதனால் இவர்களில் ஒருவரின் பெயரில் ஆயிரக்கணக்கான சத்திரசிகிச்சைகள் பதிவாகியிருப்பதில் வியப்பில்லை.

அவருக்கு ஓர் அரசியல் முகமும் இருந்தது. 2015 பொதுத் தேர்தலில் குருநாகல் மாவட்டத்தில் ரிஷாட் பதியுதீனின் கட்சி சார்பில் ஐக்கிய தேசிய முன்னணிப் பட்டியலில் போட்டியிட்டார், வெற்றி பெறவில்லை. முஸ்லிம், வைத்தியர், வசதியுள்ளவர், தேர்தலில் நின்றவர், அதுவும் அந்த நேரத்தில் எல்லோருடைய கோபத்துக்கும் இலக்காகியிருந்த ஓர் அமைச்சரின் கட்சியில் நின்றவர். 2019 மே மாதத்தில் ஒரு வதந்திக்கு முகம் தேவைப்பட்டபோது இந்த விபரங்களே போதுமானவையாக இருந்தன.

காலச் சூழலையும் மறந்துவிடக் கூடாது. செய்தி வருவதற்குப் பத்து நாட்களுக்கு முன், மே 13ஆம் திகதி, குளியாப்பிட்டிய, ஹெட்டிபொல, மினுவாங்கொட பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குளியாப்பிட்டியவும் ஹெட்டிபொலவும் குருநாகல் மாவட்டத்தில் உள்ளவை. ஷாபி பணியாற்றிய வைத்தியசாலையும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

நாலாயிரம் முறை நடக்கக்கூடிய காரியமா?

குற்றச்சாட்டை மருத்துவ ரீதியாகப் பார்ப்போம். பெண்ணுக்குச் செய்யும் நிரந்தரக் கருத்தடையை நமது ஊரில் 'எல்.ஆர்.ரி.' என்பார்கள். கருப்பையின் இரு பக்கமும் ஏறக்குறைய பத்து சென்ரிமீற்றர் நீளத்தில் ஒவ்வொரு குழாய் இருக்கிறது. சூல்முட்டை கருப்பைக்கு வரும் வழி அதுதான். எல்.ஆர்.ரி. செய்யும்போது குழாயின் ஒரு பகுதியை வளைத்து, நூலால் கட்டி, வெட்டி அகற்றுவார்கள். சிசேரியன் செய்யும்போது வயிறு ஏற்கனவே திறந்திருப்பதால், தாய் முன்கூட்டியே சம்மதித்திருந்தால், சில நிமிடங்களில் இதைச் செய்து முடிக்கலாம்.

"சில நிமிடங்கள்தானே, இரகசியமாகச் செய்யலாமே" என்று தோன்றலாம். ஆனால் தியேட்டரில் வைத்தியர் தனியாக நிற்பதில்லை. எதிரே உதவி வைத்தியர் நிற்பார். கருவிகளை எடுத்துக் கொடுக்கும் தாதி பக்கத்தில் இருப்பார். தலைமாட்டில் மயக்க மருந்து வைத்தியர் இருப்பார். இவர்களைவிடச் சிற்றூழியர்களும் மருத்துவிச்சியும் உள்ளே இருப்பார்கள். கத்தரி, கவ்வி, நூல் எல்லாம் தாதியின் கையிலிருந்து வர வேண்டும். வயிற்றை மூடுவதற்கு முன் எண்ணிப் பார்க்கப்பட வேண்டும். பெரும்பாலான சிசேரியன்களில் முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மட்டுமே விறைக்கச் செய்கிறார்கள். தாய் விழித்துக்கொண்டுதான் இருப்பாள்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பத்து வருடங்களில் 4,000 பேர் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 400 பேர் ஆகிறது. ஒரு நாள்கூட விடுமுறை எடுக்காமல் நாளுக்கு ஒன்றுக்கும் மேல் செய்திருக்க வேண்டும். அத்தனை தடவையும் அறையில் இருந்த அத்தனை பேரும், அவர்களில் மிகப் பெரும்பான்மையானோர் சிங்களவர்கள், ஒருவர்கூட வாய் திறக்காமல் இருந்திருக்க வேண்டும்.

நூலும் கத்தரியும் இல்லாமல் குழாய்களை விரலால் நசுக்கிவிட்டார் என்று பின்னர் கதை மாறியது. முதலில் சொன்னது நிற்காதபோது அடுத்ததை வைப்பதுதான் வதந்தியின் இயல்பு. குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு பரிசோதனையும் இருக்கிறது. கருப்பைக்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால், சாயம் குழாய் வழியே போகிறதா, தடைபடுகிறதா என்று தெரிந்துவிடும். அப்படி அடைப்பு இருந்தாலும் அது வைத்தியர் செய்ததென்று ஆகிவிடாது. கிருமித் தொற்று, பழைய சத்திரசிகிச்சைகளின் தழும்பு என்று அடைப்புக்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

விசாரணை சொன்னது என்ன?

பொலிஸாரிடமிருந்து விசாரணை குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்குப் போனது. ஷாபி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டார். குற்றச்சாட்டு என்னவென்றே தெளிவாகாத நிலையில் ஒருவரை அந்தச் சட்டத்தின் கீழ் அடைத்துவைப்பது என்றால் என்ன என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நம்மில் பலருடைய வீட்டிலிருந்து யாரோ ஒருவர் அப்படிப் போயிருக்கிறார்.

நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தார்கள். புலனாய்வாளர்கள் அவருடன் தியேட்டரில் நின்ற தாதியர், வைத்தியர், ஊழியர்களிடம் வாக்குமூலம் பெற்றார்கள். சட்டவிரோதக் கருத்தடைக்கோ, பயங்கரவாதத் தொடர்புக்கோ ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஜூன் மாத இறுதியில் குருநாகல் நீதவான் நீதிமன்றத்துக்கு அறிவித்தார்கள். ஜூலை 25ஆம் திகதி அவருக்குப் பிணை கிடைத்தது. கைதாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. இன்றுவரை எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியாகக் காணவில்லை.

ஆனால் வழக்கின் போக்கும் தெருவின் போக்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஜூன் மாதத்தில் அஸ்கிரிய பீடத்தின் மகாநாயக்கர் வரகாகொட ஸ்ரீ ஞானரத்ன தேரர் தமது பிரசங்கம் ஒன்றில், முஸ்லிம் கடைகளில் சாப்பிட வேண்டாம் என்றார். அந்த வைத்தியரைக் கல்லால் அடித்துக் கொல்ல வேண்டும் என்று சில பெண் பக்தர்கள் கூறியதைச் சுட்டிக்காட்டி, அதுதான் உரிய தண்டனை என்ற பொருள்படவும் பேசினார். நாடு முழுவதும் செய்தியான பேச்சு அது. புலனாய்வாளர்களின் அறிக்கையைப் படித்தவர்களைவிட இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் பல மடங்கு அதிகம்.

பிணையில் வந்த பின்னரும் அவர் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. கட்டாய விடுமுறையில் வைக்கப்பட்டார். வருடங்கள் ஓடின. ஒருவழியாக அவருக்குச் சேர வேண்டிய சம்பள நிலுவை வழங்கப்பட்டது. அது 2022ஆம் ஆண்டு. டொலர் இல்லாமல் நாடு முடங்கி, வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்துபோயிருந்த காலம். நிலுவையாகக் கிடைத்த ஏறக்குறைய 26 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாவையும் அத்தியாவசிய மருந்து வாங்குவதற்கென்று அவர் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். 2023 மே மாதத்தில், கைதாகி ஏறக்குறைய நான்கு வருடங்களின் பின், அதே குருநாகல் வைத்தியசாலையில் மீண்டும் கடமைக்குச் சென்றார்.

அந்த நன்கொடை பற்றி நெகிழ்ந்து எழுதியவர்கள் பலர். எனக்கு அதில் ஒரு சங்கடமும் உண்டு. சிறுபான்மையினன் ஒருவன் தன் நேர்மையை நிரூபிக்கத் தன் சம்பளத்தையே கொடுக்க வேண்டியிருக்கிறதோ என்ற சங்கடம் அது. அவர் அதை அந்த எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொய்யைப் பரப்பியவர்கள் யாரும் எதையும் கொடுக்க வேண்டி வரவில்லை.

ஏன் நம்பினார்கள்?

இந்தக் கதை 2019இல் பிறக்கவில்லை. முஸ்லிம் கடைகளில் விற்கும் உள்ளாடைகளில், இனிப்புகளில் மலடாக்கும் மருந்து இருக்கிறது என்ற பேச்சு அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே உலவியது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட வந்தவர்கள், உணவில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி 'வந்த பெத்தி', அதாவது மலட்டு மாத்திரை, என்றார்கள். கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்தக் கட்டி வெறும் மாவு என்று தெரியவந்தது. உணவில் கலந்து கொடுத்தால் ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் இல்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் திகன எரிந்தது.

இதன் அடியில் இருப்பது எண்ணிக்கை குறித்த அச்சம். "அவர்கள் பெருகுகிறார்கள், நாம் குறைகிறோம்" என்ற அச்சம். அது சிங்களவர்களுக்கு மட்டும் உரியதல்ல. யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நமது சமூகத்திலும் அது உண்டு. அதனால்தான் தமிழ் முகநூல் பக்கங்களிலும் ஷாபியின் படம் சுற்றியது. முஸ்லிம்கள் மீதான நமது பழைய கசப்புகளும் அதற்கு எண்ணெய் ஊற்றின. நமக்கு எதிராகப் பல தடவை பயன்பட்ட அதே ஆயுதம் இன்னொருவர் மீது வீசப்பட்டபோது, அதை நாம் அடையாளம் காணத் தவறினோம்.

முறைப்பாடு செய்த பெண்களை நான் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது குழந்தைப்பேறு இல்லாத நிலையை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. முதல் பிள்ளை பிறந்த பின் இரண்டாவது தங்காமல் போவதும் அதில் அடங்கும். காரணம் பெண்ணிடம் இருக்கலாம், ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், ஒன்றுமே கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். ஆனால் நமது ஊர்களில் பழி பெண்ணின் தலையில்தான் விழும். மாமியாரின் சொல், கணவனின் மௌனம், அக்கம்பக்கத்தாரின் விசாரிப்பு என்று வருடக்கணக்காகத் தாங்கிய ஒரு பெண்ணிடம், "உன் மேல் பிழையில்லை, அந்த வைத்தியர்தான் செய்தார்" என்று ஒரு பத்திரிகை சொன்னால் அவள் அதைப் பற்றிக்கொள்வாள். அந்தப் பெண்களின் வலி உண்மையானது. அந்த வலிக்குச் சிகிச்சை கொடுக்காமல் ஓர் எதிரியைக் கொடுத்தார்கள். எதிரியைப் பெற்ற பின்னும் அவர்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை.

தோட்டத்துக் கதை வேறு

இப்போது ஊவாவுக்கு வருகிறேன். எல்ல, தெமோதர, பசறை, நமுனுகுல, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் "ஆப்பரேஷன்" என்று சொன்னால் போதும், எதைக் கேட்கிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும். நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் நிரந்தரக் கருத்தடை என்றே நீண்டகாலம் இருந்தது. 1987, 1993 ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார மதிப்பீடுகளும் இதைக் காட்டின. மாத்திரை, ஊசி, லூப் போன்ற தற்காலிக முறைகள் மற்ற இடங்களில் பரவியபோது தோட்டப் பெண்களிடம் கத்திதான் முதலில் வந்தது.

1980இல் அரசாங்கம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு ஊக்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. முதலில் 100 ரூபா, பின்னர் 500 ரூபா. அன்றைய கொழுந்துக் கூலியோடு ஒப்பிட்டால் 500 ரூபா என்பது பல வாரங்களின் உழைப்பு. காய்ந்த வயிற்றின் முன் வைக்கப்படும் பணத்தை 'ஊக்கம்' என்று சொல்வதா, 'நெருக்கடி' என்று சொல்வதா? தோட்ட லொறியில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், மாலையில் கொண்டுவந்து இறக்கியதாக மூத்த பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் பெரியம்மா ஒருவருக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தபோது இதுதான் நடந்தது. எந்த வைத்தியசாலை என்பது இங்கே முக்கியமில்லை. பிரசவ வலியில் இருந்தவரிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். சிங்களத்தில் எழுதியிருந்தது. "கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். என்னா எழுதியிருந்துச்சினு யாரும் சொல்லல பாப்பா" என்பார். பிள்ளை போதும் என்று அவரே நினைத்திருந்தார். கேட்டிருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பார். யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய குறை. அந்த நாளைப் பற்றிப் பேசும்போது வெட்டப்பட்ட குழாயைப் பற்றி அவர் பேசுவதில்லை. தன்னை ஒரு ஆளாக மதிக்காததைப் பற்றித்தான் பேசுவார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மலையகத் தமிழரின் எண்ணிக்கை குறைந்ததற்குக் கருத்தடையே காரணம் என்று மேடைகளில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். குடிசன மதிப்பீடுகளைப் பாருங்கள். 1971இல் 'இந்தியத் தமிழர்' ஏறக்குறைய 11 இலட்சத்து 75 ஆயிரம் பேர்; நாட்டின் சனத்தொகையில் 9.3 சதவீதம். 1981இல் ஏறக்குறைய 8 இலட்சத்து 19 ஆயிரம், 5.5 சதவீதம். 2012இல் ஏறக்குறைய 8 இலட்சத்து 40 ஆயிரம். பத்து வருடங்களில் மூன்றரை இலட்சம் பேர் குறைவதற்குப் பிரதான காரணம் 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எங்களைக் கேட்காமலே இரண்டு அரசாங்கங்கள் கையொப்பமிட்டன. இன்னும் பலர் குடிசன மதிப்பீட்டில் தம்மை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டார்கள். எல்லாவற்றையும் வைத்தியரின் கத்தியில் ஏற்றிவிட்டால் ஒப்பந்தம் போட்டவர்கள் தப்பிவிடுவார்கள்.

எல்.ஆர்.ரி. தானே தீமை என்பதும் என் வாதம் அல்ல. அடுத்தடுத்த பிரசவத்தால் தோட்டத்தில் செத்துப்போன பெண்களின் கதைகளும் நம்மிடம் நிறைய உண்டு. தானே தீர்மானித்து, புரிந்துகொண்டு செய்துகொள்ளும் பெண்ணுக்கு அது விடுதலை. கேட்காமல் செய்யப்பட்டால் அதே சத்திரசிகிச்சை வன்முறையாகிவிடும்.

வன்னியில் 2013

1977, 1981, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்கள் ஏராளம். எங்கள் தோட்டங்களிலும் "வன்னிக்குப் போன" உறவு இல்லாத வீடு குறைவு. அதனால் 2013 ஆகஸ்ட் 31ஆம் திகதி கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் நடந்தது எங்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

பிள்ளைகளை கிளினிக்குக்குக் கொண்டுவரும்படி தாய்மார் அழைக்கப்பட்டார்கள். அங்கே பலருக்குக் கையில் தோலுக்கு அடியில் கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டன. ஐந்து வருடங்கள் வரை கர்ப்பம் தரிக்காமல் தடுப்பவை அவை. சரியாக விளக்கவில்லை, மறுத்தால் வைத்தியசாலையில் சேவை கிடைக்காது என்று பயமுறுத்தினார்கள் என்று பெண்கள் கூறினார்கள். வற்புறுத்தல் இருக்கவில்லை என்று சுகாதார அதிகாரிகள் மறுத்தார்கள். அவர்களில் பலர் யுத்தத்தின் கடைசி மாதங்களைக் கடந்து வந்தவர்கள். சீருடை, அரச வாகனம், அதிகாரியின் குரல் இவற்றின் முன் "வேண்டாம்" என்று சொல்லும் பலம் அன்று எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

இந்தச் சம்பவத்துக்காக எந்தப் பத்திரிகை முன்பக்கத்தில் நாலாயிரம் என்று எழுதியது? யார் உண்ணாவிரதம் இருந்தார்கள்? ஷாபி விடயத்தில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் முழுப் பலத்தோடு இறங்கியது போல, வேரவில் பெண்களிடம் வாக்குமூலம் பெற யாராவது போனார்களா?

வதந்தியையும் வன்முறையையும் பிரித்தறிவது

உலகில் கட்டாயக் கருத்தடை நடந்த இடங்களைப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். இந்தியாவில் அவசரநிலைக் காலத்தில், 1976இல் மட்டும், 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. பெரு நாட்டில் புஜிமோரியின் ஆட்சியில் 1990களின் பிற்பகுதியில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்குச் செய்யப்பட்டது. பெரும்பாலானோர் ஸ்பானிய மொழி சரியாகத் தெரியாத பழங்குடி ஏழைப் பெண்கள். 2014 நவம்பர் 8ஆம் திகதி சத்தீஸ்கர் மாநிலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் ஒரே வைத்தியர் சில மணிநேரத்தில் 83 பெண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பதின்மூன்று பேர் இறந்தார்கள். 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று வருடங்களுக்குள் நிறுத்தும்படி உத்தரவிட்டது.

இவை எவையும் ஒரு தனி வைத்தியர் இரவோடு இரவாகச் செய்த சதி அல்ல. இலக்கு இருந்தது, பணம் இருந்தது, பதிவேடு இருந்தது, மேலதிகாரியின் பாராட்டு இருந்தது. எல்லாம் பகல் வெளிச்சத்தில் நடந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஏழைகள், படிவத்தின் மொழியை வாசிக்கத் தெரியாதவர்கள். வதந்தி எப்போதும் பலவீனமான சமூகத்திலிருந்து ஒரு வில்லனைத் தேடும். உண்மையான கட்டாயக் கருத்தடை பலமான நிறுவனத்திலிருந்து, சட்டபூர்வமான தோற்றத்தோடு வரும். அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வட்ஸ்அப்பில் வரும்போது, இந்த வேறுபாட்டை வைத்து அதை உரசிப் பாருங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் அவரது வீட்டாரும் சில விடயங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எல்.ஆர்.ரி. பற்றிய முடிவைக் கர்ப்ப காலத்திலேயே, கிளினிக்கில், வலியில்லாத நேரத்தில் பேசி எடுங்கள். வலி வந்த பின் நீட்டப்படும் காகிதத்தைப் பற்றி "இது எதற்கு, தமிழில் வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. கேட்பது சண்டை அல்ல, உரிமை. இது நிரந்தரமானதா, திரும்பப் பிள்ளை பெற முடியுமா என்றும் கேளுங்கள். வெட்டிய குழாயை மீண்டும் இணைப்பது கடினம், வெற்றி நிச்சயமில்லை. வீட்டுக்கு வரும்போது தரும் நோய் நிர்ணய அட்டையில் என்ன செய்யப்பட்டது என்று எழுதியிருக்கும். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிழை நடந்ததாக நினைத்தால் முகநூலுக்குப் போக வேண்டியதில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவை உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. வைத்தியரின் நடத்தை பற்றி இலங்கை மருத்துவச் சபையிடம் முறையிடலாம். தோட்டப் பகுதிகளில் வருடத்துக்கு எத்தனை எல்.ஆர்.ரி. நடக்கிறது, சம்மதப் படிவம் எந்த மொழியில் இருக்கிறது என்பவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம். தொழிற்சங்கங்கள் கேட்கலாம். எங்களைப் போன்ற ஊடகவியலாளர்கள் கேட்க வேண்டும்.

ஷாபி வேலைக்குத் திரும்பிவிட்டார். அவருடைய நான்கு வருடங்கள் திரும்பி வராது. அவர் மீது முறைப்பாடு செய்த பெண்களில் எத்தனை பேருக்கு அதன் பிறகாவது ஒழுங்கான குழந்தைப்பேற்றுச் சிகிச்சை கிடைத்தது என்று யாரும் எழுதவில்லை. தோட்டத்திலும் வன்னியிலும் கேட்காமலே முடிவு செய்யப்பட்ட பெண்களின் பெயர்கள் எந்த வழக்கேட்டிலும் இல்லை. ஒரு பொய்யை விசாரிக்க இந்த நாட்டுக்கு ஆட்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, நேரமும் இருந்தது. அதே ஆட்களை அந்தப் பெண்களின் வாசலுக்கும் அனுப்புங்கள் என்று கேட்பதுதான் இந்த விவகாரத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய நியாயமான பாடம்.